ரேடியோவுக்குத் தைராய்டு இருக்கு

என் அக்காவுக்கு எங்கள் பேருந்து நிலையத்தில் ரேடியோ என்று பெயர். அப்பா அம்மா ஆசை ஆசையாய் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. முதல் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கத்தான் முடியும் என்கிற அளவில் ஒரு கண்ணாடி அறை. அங்கேதான் மைக். பதினான்கு வருஷமாக அதன் முன்னால் அவள்தான். நான் அதற்கு நேர் கீழே, பொருள் பாதுகாப்பு அறையில் இருக்கிறேன். பயணிகளின் பெட்டி படுக்கையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பது என் வேலை. என் ஜன்னலுக்கு மேலேயே ஓர் ஒலிபெருக்கியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், மாடியில் நான், கீழே அவள் என்று வேறு இருக்கிறோம். ஆக, வீட்டிலும் அவள் சத்தம், வேலையிலும் அவள் சத்தம். நான் வாங்கி வந்த வரம் அப்படி.

சும்மா சொல்லக்கூடாது, என்ன வேகம் அந்தக் குரலுக்கு! ஒரு பேருந்து நின்று போகிற பதினோரு ஊர்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ‘பயணிகள் கவனமாக ஏறவும்’ என்பதற்கும் மூச்சு மிச்சம் வைத்திருப்பாள். கணீர் என்று இருக்கும். தூங்குகிற ஓட்டுநர்கள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுவார்கள். அவளுக்கும் அதில் கொள்ளைப் பெருமை. நான்கு பேர் சேர்ந்து நிற்கும் இடத்தில் வேண்டுமென்றே சத்தமாகப் பேசுவாள், யாராவது திரும்பிப் பார்த்து “நீங்கதானே அந்த மைக்…” என்று கேட்க வேண்டும் என்பதற்காக.

அப்படிப்பட்டவள் போன வருஷம் மெல்ல மெல்ல இழுக்க ஆரம்பித்தாள். குரல் கரகரத்தது. அப்புறம் தடித்தது. அப்புறம் மெதுவானது. ‘மூன்றாவது நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில்’ என்று அவள் தொடங்கி, ‘புறப்படும்’ என்று முடிப்பதற்குள் அந்தப் பேருந்து வாசலைத் தாண்டி, சிக்னலையும் தாண்டியிருக்கும். விசாரணைக்கு ஃபோன் செய்கிறவர்கள், “சார், அடுத்த பஸ் எப்ப சார்?” என்று கேட்டார்கள். முதலில் நான்கைந்து பேரிடம் சண்டை போட்டாள். பிறகு அதற்கும் தெம்பில்லாமல், சாராகவே பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

குரலோடு போயிருந்தால் பரவாயில்லை. மத்தியான வெயிலில் அந்தக் கண்ணாடி அறை அடுப்பு மாதிரி கொதிக்கும். இவள் மின்விசிறியை அணைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு குறைந்தது, உடம்பு ஏறியது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் தோளில் மாட்டிய பையைக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்குவாள். துவைத்த துணி மூன்று நாள் மடிக்காமல் கிடக்கும். நான் சும்மா இருப்பேனா?

“உடம்பு வளைய மாட்டேங்குது உனக்கு. உக்காந்த இடத்துல சம்பளம் வருதில்ல, சோம்பேறித்தனம் ஒட்டிக்கிச்சு. எழுந்து நடமாடு, எல்லாம் சரியாப் போகும்” என்று ஒருநாள் பிடித்து விளாசினேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். ரேடியோ பதில் சொல்லவில்லை என்பதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். புத்தி நிதானமாகப் பின்னால்தான் வரும்.

இந்த லட்சணத்தில்தான் அந்த வெடிகுண்டு விழுந்தது. எங்கள் நிலைய மேலாளரை நாங்கள் கஞ்சிச் சட்டை என்போம். சட்டைக்கு அத்தனை கஞ்சி. அவர் திரும்பினால் சட்டை ஒரு விநாடி கழித்துத் திரும்பும். அவர் அக்காவைக் கூப்பிட்டு, இனி அன்றாட அறிவிப்புகளை ஒரு இயந்திரமே சொல்லும் என்றார். மாசக் கடைசியில் ஒலிப்பதிவுக்காரர் வருவார். அக்காவின் குரல் தேறினால் அதையே பதிந்துகொள்வார்கள். அவளும் அதே அறையில் இருந்து இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு, திடீர் மாற்றங்களை மைக்கில் சொல்லலாம். தேறாவிட்டால் வேறெங்கோ யாரோ பேசி வைத்திருக்கிற குரலை வாங்கிப் போட்டுவிடுவார்கள். மைக்கையும் சேர்த்து வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். அக்காவுக்குப் பின்கட்டில் இருக்கும் பழைய கோப்புகளின் அறை.

“அந்த ரூம்ல நான் யார்கிட்டடி பேசறது? எலிகிட்டயா?” என்றாள் அன்று. சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டே இருந்தாள்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத் தோன்றியது எனக்கல்ல, அத்தானுக்கு. அத்தான் தச்சர். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசியதை மொத்தமாகச் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. பேசத்தான் இவள் இருக்கிறாளே. அவர் அன்று மாடியேறி வந்து, என் வாசலில் நின்று, “வீடு ரொம்ப அமைதியா இருக்கு. எனக்குப் பிடிக்கலை. அவளுக்கு உடம்புக்கு என்னமோ இருக்கு, நீ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ” என்றார். அவர் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் மூன்று வாக்கியம் வந்ததே எனக்குப் பயமாகிவிட்டது.

டாக்டரம்மா அக்காவின் தொண்டையைப் பார்த்தார். பிறகு ஸ்வெட்டரைப் பார்த்தார். நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். முடி, தூக்கம், மலச்சிக்கல், மறதி என்று ஒவ்வொன்றாகக் கேட்க, அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்து கவனித்தவர் மாதிரி கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். பக்கத்திலேயே இருந்த எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தாளோடு போனோம். தாளைக் கொடுக்கும்போதே பரிசோதனைக் கூடத்துப் பெண் சொல்லிவிட்டதால் அக்கா உள்ளே நுழையும்போதே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

“டாக்டர், எனக்குத் தைராய்டு இருக்காமே?”

“எல்லாருக்கும்தாம்மா இருக்கு. எனக்கும் இருக்கு, உங்க தங்கச்சிக்கும் இருக்கு. கழுத்துல இருக்கிற ஒரு சுரப்பி அது. உங்களுக்கு இருக்கு, ஆனா வேலை செய்யலை. அதுதான் பிரச்சினை.”

“அப்ப எங்க ஆபீஸ் ஆளுங்க மாதிரி” என்றாள் அக்கா, அந்தக் கரகர குரலில். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. கிண்டல் இன்னும் உள்ளே இருக்கிறது, அவள் எங்கேயும் போய்விடவில்லை.

அந்தச் சுரப்பி சுரக்க வேண்டியதை இனி மாத்திரை தரும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் டீயோ காப்பியோ சாப்பாடோ கூடாது. தினமும், அநேகமாக ஆயுசுக்கும். இவ்வளவையும் அக்கா கேட்டுக்கொண்டு, “மாசக் கடைசிக்குள்ள குரல் வந்துடுமா?” என்றாள். மாசக் கடைசிக்கு மூன்று வாரமே இருந்தது.

“படிப்படியாத்தான் வரும். ஆறு, எட்டு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்த்து அளவு கூட்டணுமான்னு முடிவு பண்ணலாம். குரல் சரியாக இன்னும்கூட நாளாகலாம். அவசரப்பட்டு ரெண்டா முழுங்கிடாதீங்க.”

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். “யார்கிட்டயும் மூச்சு விடாத. கஞ்சிச் சட்டைக்குத் தெரிஞ்சா, வியாதிக்காரின்னு ரெக்கார்டிங் வரைக்கும்கூட விடமாட்டார். கேட்டா தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லு.” சரி என்றேன். நானும் மனதாரத்தான் சொன்னேன்.

மாத்திரை தொடங்கிய ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு, நிலையத்து மாடியில் அக்காவின் கண்ணாடி அறைக்கு ஏறினேன். மேசையில் மாத்திரை அட்டை. அதன் பக்கத்திலேயே பாதி குடித்த டீ.

“மாத்திரை எப்ப போட்ட?”

“காலையில மறந்துட்டேன்டி. இப்பதான் போட்டேன்.”

“இது என்ன?”

“டீ.”

அவ்வளவுதான், எனக்கு வந்ததே! மேசையில் கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தேன். “அடிப்பாவி! ஒரு மணி நேரம் டீயைக் கண்ணாலகூடப் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்களா இல்லையா? ஏற்கெனவே உன் தைராய்டு வேலை செய்யலை. அதுக்கு மாத்திரை குடுத்தா, பின்னாலயே டீயை ஊத்தற. குரல் எங்கேருந்து வரும்? ரெக்கார்டிங் அன்னிக்குக் காக்கா மாதிரி கத்தப் போறியா? கஞ்சிச் சட்டை உன்னைத் தூக்கிப் பழைய ஃபைலோட ஃபைலாப் போட்டுடுவார், பாத்துக்கோ!”

“மெதுவாப் பேசுடி, யாருக்காவது கேக்கப் போகுது.”

“யாருக்குக் கேக்கும்? மூணு நாளா வயிறு வேற போகலைன்னு புலம்பற, நேத்து வாங்கின பழத்தையாவது தின்னியா இல்லையா?”

அப்போதுதான் கீழே இருந்த இரைச்சல் நின்றுபோனது காதில் பட்டது. கண்ணாடி வழியே பார்த்தேன். ஐந்து நடைமேடையிலும் நின்ற அத்தனை முகமும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு நடத்துனர் வாயில் விசிலோடு அப்படியே நின்றிருந்தார். நான் ஊன்றியிருந்த கை மைக்கின் பொத்தான் மேல். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஐயையோ! பூமி பிளந்து என்னை மட்டும் விழுங்காதா என்று இருந்தது. கையை எடுத்தேன். அக்காவைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, பொத்தானை அழுத்தி, தன் மெதுவான தடித்த குரலில், “சற்று முன் வந்த அறிவிப்பைப் பயணிகள் பொருட்படுத்த வேண்டாம்” என்றாள். நிலையமே குபீரென்று சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. “போச்சுடி. எல்லாம் போச்சு” என்று மேசையில் தலையை வைத்துக்கொண்டாள்.

என் நாக்கை அறுத்துப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கீழே வந்து உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் இருக்காது, என் ஜன்னலில் ஆள் வர ஆரம்பித்தார்கள். பயணச்சீட்டு கொடுக்கும் பெண் வந்து, “எனக்கும் இருக்குக்கா, மூணு வருஷமா” என்றாள். பெருக்கித் துடைக்கும் அம்மா, தன் மகளுக்கு இருக்கிறது, இப்போது குதிரை மாதிரி ஓடுகிறாள் என்றார். கடைசியில், முறுக்கு மீசையும் ஆறடி உயரமுமாக, தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர் ஒருவர் ஒரு காலிப் பையை என்னிடம் கொடுத்து டோக்கன் கேட்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து, “எனக்கும்தான். ஆறு வருஷம் ஆச்சு. பொம்பளைங்க வியாதின்னு கிண்டல் பண்ணுவாங்கன்னு யார்கிட்டயும் சொன்னதில்லை. மாத்திரையைத் தலைமாட்டுலயே வெச்சுக்கச் சொல்லுங்க. கண்ணு முழிச்சதும் முதல் வேலை அதுதான். மறக்காது” என்றார். அன்றிலிருந்து டீக்கடைக்காரர்கூட அக்காவிடம் “மாத்திரை போட்டு எவ்வளவு நேரமாச்சு?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பில் பாலை வைத்தார்.

கஞ்சிச் சட்டை எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். அக்கா முன்னால், நான் அவள் முதுகுக்குப் பின்னால்.

“முதல்ல ஒண்ணு. என் சட்டைக்குக் கஞ்சி போடறது என் மாமியார். நீங்க சொன்னதை அவங்ககிட்ட சொல்லிடறேன்” என்றார். நான் தரையைப் பார்த்தேன். “ரெண்டாவது, உடம்பு சரியில்லைன்னா என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன புலியா? தேதியை என்னால மாத்த முடியாது. ஆனா அன்னிக்குத் தேறிட்டா, மூணு மாசத்துக்குள்ள ஒரு தடவை மறுபடி பேசி மாத்திக்கலாம்னு ரெக்கார்டிங்காரங்க ஒப்பந்தத்துல இருக்கு. முதல்ல தேறுங்க.”

அந்த நாள் வந்தது. மாத்திரை தொடங்கி மூன்றே வாரம். கோப்பு அறையின் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, நடுவில் ஒரு மைக்கை வைத்திருந்தார் ஒலிப்பதிவுக்காரர். எந்த அறைக்குப் போகக் கூடாது என்று அவள் பயந்தாளோ, அதே அறை. ஒரு மணி நேரத்து வேலை என்றார்கள். அக்காவுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு ஊர்ப் பெயராக எடுத்து, வைத்து, மூச்சு வாங்கி, அடுத்ததை எடுத்தாள். நான் கதவுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்த ஒலிப்பதிவுக்காரர், “நிதானமா, கனமா, நல்லா இருக்கு. இதையே வெச்சுக்கலாம்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல் இருந்தது. மைக் தப்பித்தது! அக்காவோ படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். “அது நான் இல்லடி. இனிமே நான் ஊமையானாலும் அந்தக் குரல் கத்திக்கிட்டே இருக்கும். மூணு மாசம்தான் இருக்கு. அதுக்குள்ள என் குரல் வந்தாகணும்.”

அடுத்த வாரத்திலிருந்து தினமும் அறுபது தடவை அந்தத் தடித்த குரல் நிலையம் முழுக்க ஒலித்தது. அக்கா அது பேசும்போதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். பயணிகளுக்கானால் பிடித்துப்போய்விட்டது. “இந்தம்மா பேசறது நல்லாப் புரியுது. முன்னாடி ஒருத்தி இருந்தாளே, பட்டாசு கொளுத்தின மாதிரி, ஒரு எழவும் புரியாது” என்றார் ஒரு பெரியவர் என்னிடம். “ரெண்டும் ஒரே ஆளுதான்யா!” என்று சண்டைக்குப் போனேன். அவர் நம்பவில்லை.

மாத்திரை தொடங்கி எட்டாம் வாரம் ரத்தம் பார்த்து மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். ஸ்வெட்டர் அலமாரிக்குப் போனது. மின்விசிறி சுழன்றது. துணி மடித்து வைக்கப்பட்டது, என்னுடையதும் சேர்த்து. பதினோராம் வாரத்தில் ஒருநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், கீழே இருந்து, “அடியேய்! என் துண்டை எடுத்து உன் துண்டோட போட்டியா, உனக்கு எத்தனை தடவை சொல்றது, கண்ணு தெரியலையா, ஒரே கலர்ல வாங்காத வாங்காதன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே” என்று ஒரே மூச்சில் கணீரென்று ஒரு கத்தல். வாயில் நுரையோடு நான் அழுதேன். வாழ்நாளெல்லாம் நான் திட்டிய குரல் அது. எவ்வளவு பிடிக்கும் எனக்கு அதை! அத்தான் கீழே சத்தம் போட்டுச் சிரிப்பது கேட்டது.

மூன்று மாசம் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஒலிப்பதிவுக்காரர் மறுபடி வந்தார். அக்கா காலையிலிருந்து வீட்டில் ஊர்ப் பெயர்களைப் படபடவென்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை என்னையும் உள்ளே விட்டார்கள். பழைய பதிவின் ஏற்ற இறக்கம் தெரிய வேண்டும் என்று அவர் அதைப் போட்டுக் காட்டினார். அக்கா வேண்டா வெறுப்பாகத்தான் ஹெட்ஃபோனை மாட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

ஒலிபெருக்கியில் கேட்காததெல்லாம் அதில் கேட்டது. வெட்டித் திருத்துவதற்கு முந்தைய பதிவு அது. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில், மேடு ஏறுகிறவள் மாதிரி அவள் மூச்சு வாங்கினாள். தாளைப் புரட்டக் கை தடுமாறியது. ‘இருங்க, ஒரு நிமிஷம்’ என்று ஒரு இடத்தில் சன்னமாகச் சொன்னாள். பிறகு மறுபடி, அடுத்த ஊர். அதற்கடுத்த ஊர். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

“இவ்வளவு முடியாமலாடி பேசியிருக்கேன்?” என்றாள் அக்கா. “நானே என்னைச் சோம்பேறின்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“நான் வாய்விட்டே சொன்னேன்க்கா” என்றேன். “தப்புக்கா. பெரிய தப்பு. என்னை மன்னிச்சுடு.”

அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது.

ஒலிப்பதிவுக்காரர், “ஆரம்பிக்கலாமா மேடம்? புதுசு ஏத்தினதும் பழசை அழிச்சிடுவேன்” என்றார்.

அக்கா மைக்கைப் பார்த்தாள். மூன்று மாசமாக அவள் நாளெண்ணிக் காத்திருந்தது இதற்குத்தான். கணீர்க் குரல் தொண்டையில் தயாராக இருந்தது.

“வேண்டாம் சார். அழிக்காதீங்க” என்றாள். “எல்லாருக்கும் புரியுதாம். அதுவே இருக்கட்டும்.”

இப்போது எங்கள் நிலையத்தில் இரண்டு பேர் பேசுகிறார்கள். தாமதம், தட மாற்றம், காணாமல் போன குழந்தை என்றால் அக்கா படபடவென்று பொரிந்து தள்ளுவாள். மற்றதெல்லாம் அந்த மெதுவான குரல். நேற்று ஏதோ வீட்டு விஷயம் பேச அவள் மைக் அறைக்குப் போயிருந்தேன். நான் வாயைத் திறக்கும்போது இயந்திரம் ஆரம்பித்தது. அக்கா சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

“இருடி. அவ சொல்லி முடிக்கட்டும்.”